பனிமலையில் ஓர் அறை

பனிச்சறுக்கு பணக்காரர்களின் விளையாட்டு என்பது தில்லியில் மாதச் சம்பளத்தில் வாழும் எங்களைப் போன்ற குடும்பங்களின் திடமான அபிப்பிராயம். சுவிட்சர்லாந்துச் சரிவுகளில் கதாநாயகி மெல்லிய சேலையில் ஆடும் இந்திப் பாடல் காட்சிகளுக்கு இதில் கணிசமான பங்கு உண்டு. ஆனால் தில்லியிலிருந்து ஓர் இரவும் ஒரு பகலும் பயணம் செய்தால் போதும், பனிச்சறுக்குச் சரிவு ஒன்றின் அடிவாரத்தில் போய் நிற்கலாம். உத்தராகண்டில் ஔலி இருக்கிறது. இமாசலப் பிரதேசத்தில் நார்க்கண்டாவும் சோலாங் பள்ளத்தாக்கும் இருக்கின்றன. இன்னும் தள்ளிப் போனால் காஷ்மீரில் குல்மர்க். சறுக்குக் கட்டை, அதற்கான பூட்ஸ், கனத்த கோட்டு எல்லாமே இங்கு வாடகைக்குக் கிடைக்கும். கற்றுக்கொடுப்பவரின் கூலியும் பயமுறுத்தும் தொகை அல்ல. குடும்பத்தின் மணிபர்ஸைக் காலி செய்வது ராத்திரி தலைசாய்க்கும் அறைதான்.

நாங்கள் ஐந்து பேர். பேரம் பேசுவதில் மன்னரான கணவர், எட்டாம் வகுப்பு மகள், ஐந்தாம் வகுப்பு மகன், முழங்கால் வலியும் ரத்தக் கொதிப்பும் உள்ள எழுபத்தொரு வயது மாமியார், மொழிபெயர்ப்பிலும் செய்தி எழுதுவதிலும் காலம் தள்ளும் நான். 2023 டிசம்பரில், வகுப்புத் தோழி ஒருத்தி குல்மர்க் போய்வந்த கதையை மகள் சாப்பாட்டு நேரத்தில் விஸ்தாரமாகச் சொன்னாள். மகனுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. "சரி, போகலாம். ஆனால் கட்டுப்படியாக வேண்டும்" என்றார் கணவர். பயணம், சாப்பாடு, சறுக்கல், தங்கல் எல்லாம் சேர்த்து ஐந்து இரவுகளுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் என்று உச்சவரம்பும் விதித்தார்.

கட்டுப்படியாவது. தமிழ் எம்.ஏ. படித்தவளுக்கு ஒரு சொல்லைச் சும்மா விட முடியாது. விற்பவனுக்கும் கட்டுப்படியாக வேண்டும், வாங்குபவனுக்கும் கட்டுப்படியாக வேண்டும் என்று இரண்டு பக்கமும் பேசுகிற சொல் அது. "இந்த விலைக்குக் கொடுத்தால் எனக்குக் கட்டாதும்மா" என்று காய்காரர் சொல்லும்போது அவரும் அதே சொல்லைத்தான் பிடித்துக்கொள்கிறார். இது ஒரு பயணத்தின் கணக்கையே மாற்றப் போகிறது என்பது பிற்பாடுதான் புரிந்தது.

முதலில் இடம். குல்மர்க் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள கொண்டோலா இரண்டு கட்டங்களாக அஃபர்வத் மலையின் மேல்பகுதி வரை ஏற்றிச் செல்லும். நாட்டின் மிகச் சிறந்த சரிவுகள் அங்கேதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மேலே தங்கக் கட்டாதவர்கள் 13 கி.மீ. கீழே டங்மர்க்கில் தங்கிவிட்டுக் காலையில் ஏறுகிறார்கள். ஆனால் ஐந்து விமான டிக்கெட்டுகளை எழுதியதுமே கணவர் பேனாவை மூடிவிட்டார். நார்க்கண்டா சிம்லாவிலிருந்து அறுபது கி.மீ. சொச்சம்தான். சிறிய ஊர், சிறிய சரிவு, எல்லாவற்றிலும் குறைந்த வாடகை. ஆனால் பனி அங்கே நம்பகமான விருந்தாளி இல்லை. விழுந்தால் உண்டு.

மிஞ்சியது ஔலி. 2,500 மீட்டரிலிருந்து 3,050 மீட்டர் வரை நீளும் புல்வெளிச் சரிவு. எதிரே 7,816 மீட்டர் நந்தாதேவி. 2011 ஜனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகளின் பனிச்சறுக்குப் பந்தயங்கள் நடந்த இடம். முடிவைத் தீர்மானித்தது மட்டும் இவை எதுவும் இல்லை. அதுவரை "பனியைப் பார்க்க அவ்வளவு தூரம் போவாங்களா?" என்று விலகி உட்கார்ந்திருந்த மாமியார், ஜோஷிமட் என்ற பெயர் காதில் விழுந்ததும் நிமிர்ந்தார்.

"ஏம்மா, திருப்பிருதி அங்கதான இருக்கு?"

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து வளர்ந்தவர். நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் எத்தனை பார்த்தாயிற்று, எத்தனை பாக்கி என்பது எப்போதும் அவர் நுனிநாக்கில் இருக்கும். திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிருதி, ஔலிக்கு அடிவாரத்திலுள்ள ஜோஷிமட் நரசிம்மர் கோயில்தான் என்பது வைணவர்களிடம் உள்ள வழக்கு. "ஆமாம் அத்தை" என்றேன். "அப்ப நானும் வாரேன்" என்றார். ஐந்து பேருக்கும் அறை தேட வேண்டிய அவசியம் அப்படி உறுதியானது.

ஔலியில் தங்குவதற்கு நான்கு வழிகள். முதலாவது, சரிவை ஒட்டிய ரிசார்ட்டுகள். ஜன்னலைத் திறந்தால் பனி. இரண்டு இரவு வாடகை எங்கள் மொத்த வரவு செலவுத் திட்டத்தையே விழுங்கிவிடும். இரண்டாவது, கட்வால் மண்டல் விகாஸ் நிகம் என்ற அரசு நிறுவனத்தின் சுற்றுலா விடுதி. அறைகளோடு டார்மிட்டரியும் உண்டு. ஏழு நாள், பதினான்கு நாள் பயிற்சி வகுப்புகளையும் அவர்கள் நடத்துகிறார்கள். தங்கல், சாப்பாடு, சறுக்குக் கட்டை, ஆசிரியர் எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கும். உண்மையாகவே கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர்களுக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு கிடையாது. மூன்றாவது, கீழே ஜோஷிமட் நகரின் லாட்ஜுகள். 1,890 மீட்டர் உயரத்தில், பத்ரிநாத் யாத்ரீகர்களைத் தங்கவைத்தே வளர்ந்த ஊர் அது. நான்காவது, ஹோம்ஸ்டே எனப்படும் வீட்டுத் தங்கல். வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்துகொண்டு சில அறைகளை மட்டும் வாடகைக்கு விடுவது. 2018-லிருந்து உத்தராகண்ட் அரசு இதற்கு மானியம் கொடுத்து ஊக்குவிக்கிறது.

ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பங்கள் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தன. குறைந்த வாடகையில் ஜோஷிமட்டில் தங்குவார்கள். காலையில் சுமார் 4 கி.மீ. நீள ரோப்வேயில் ஏறி அரைமணி நேரத்துக்குள் பனியில் இறங்குவார்கள். சாயங்காலம் அதே கம்பியில் திரும்பி வந்து சுடச்சுட ரொட்டி சாப்பிட்டுத் தூங்குவார்கள். 2023 ஜனவரியில் அந்த ரோப்வே நிறுத்தப்பட்டது. அது நிறுத்தப்பட்ட காரணத்தை எழுதாமல் ஔலியில் அறை பிடிப்பதைப் பற்றி யாரும் எழுத முடியாது.

அந்த ஜனவரியில் ஜோஷிமட் செய்திகளை நான் தினமும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுச் சுவர்களில், தரையில், சாலையில் விரிசல்கள். பூமிக்குள்ளிருந்து சேற்றுநீர் பீறிட்டது. எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் விரிசல் விட்டன. பாதுகாப்பில்லாத வீடுகளின் சுவரில் அதிகாரிகள் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். 2022 டிசம்பர் 27-லிருந்து 2023 ஜனவரி 8 வரை பன்னிரண்டு நாட்களில் நகரம் 5.4 செ.மீ. இறங்கியதாக இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. இதற்கு என்ன சொல் போடுவது என்று மேஜையில் ஒரு விவாதம் நடந்தது. நிலச்சரிவு இல்லை, எதுவும் சரிந்து விழவில்லை. நிலநடுக்கமும் இல்லை. 'நிலப் புதைவு' என்றார் ஒருவர், 'நில அமிழ்வு' என்றார் இன்னொருவர். எங்கள் ஊர்க் கொத்தனார்கள் பேசும் பேச்சு எனக்கு நினைவுக்கு வந்தது. அஸ்திவாரம் உட்கார்ந்தால் "வீடு இறங்கிருச்சு" என்பார்கள். ஊர் இறங்கிக்கொண்டிருந்தது.

இறங்கியவற்றில் விடுதிகளும் இருந்தன. மலாரி இன், மவுண்ட் வியூ என்ற இரண்டு பலமாடி ஹோட்டல்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்ற படம் நாட்டின் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. இரண்டையும் பிரித்து இறக்க வேண்டியிருந்தது. ஜோஷிமட் அமர்ந்திருப்பது பழைய மலைச்சரிவு ஒன்றின் இடிபாட்டுக் குவியலின் மேல். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. கட்வால் கமிஷனராக இருந்த மிஸ்ராவின் தலைமையிலான குழு 1976-லேயே, இங்கே கனத்த கட்டடங்கள் வேண்டாம், பாறைகளைத் தோண்டவோ வெடிக்கவோ வேண்டாம், வடிகால் வசதி செய்யுங்கள் என்று எழுதிக்கொடுத்துவிட்டது. தபோவன்-விஷ்ணுகாட் நீர்மின் திட்டத்தின் சுரங்கம்தான் காரணம் என்று ஊர்மக்கள் இன்றும் சொல்கிறார்கள். திட்டத்தை நடத்தும் தேசிய அனல்மின் கழகம் அதை மறுத்தது. காரணங்களில் எது பெரியது என்பதில் சண்டை இருக்கலாம். வடிகாலும் சாக்கடையும் இல்லாத ஊரில் கழிவுநீர் எல்லாம் மண்ணுக்குள்ளேயே இறங்கிக் குவியலை ஊறவைத்தது என்பதில் சண்டை இல்லை.

2011 கணக்கெடுப்பில் அந்த ஊரின் ஜனத்தொகை 16,709. யாத்திரைக் காலத்திலும் பனிக்காலத்திலும் வந்து குளித்துவிட்டுப் போனவர்கள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். அட்டாச்டு பாத்ரூம் உண்டா, இருபத்துநாலு மணி நேரமும் வெந்நீர் வருமா, பால்கனியிலிருந்து மலை தெரியுமா என்று கேட்டது அவர்கள்தான். அதாவது நாம்தான். கேட்டதைக் கொடுக்க ஊர் மாடிமேல் மாடி கட்டியது.

எனவே அறை தேடும் வேலையை நான் எடுத்துக்கொண்டபோது, டெலிபோனில் வாடகைக்கு முன்பு ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டேன். உங்கள் கட்டடம் எந்த வார்டில் இருக்கிறது? சிங்தார், காந்திநகர், மனோகர் பாக், சுனில் ஆகியவைதான் 2023-ல் பலமாக அடிபட்ட வார்டுகள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயர்களை எத்தனை தடவை தமிழில் எழுதியிருக்கிறேன்! பதில்கள் விதவிதமாக வந்தன. "எங்கள் பக்கம் ஒன்றும் ஆகவில்லை, மீடியாக்காரர்கள் கிளப்பிவிட்டது" என்றார் ஒருவர். "ஐந்து மாடி, லிஃப்ட் இருக்கிறது, பெஹன்ஜி, பயப்படாதீர்கள்" என்றார் இன்னொருவர். லிஃப்ட் என்ற சொல்லே என்னைப் பயமுறுத்தியது. மூன்றாமவர் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "விலையைக் கேட்காமல் வார்டைக் கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான். என் பின்சுவரில் விரிசல் இருக்கிறது. குழந்தைகளோடு வந்தால் வேறு இடம் பாருங்கள்" என்று சொல்லி, ஊருக்கு வெளியே வீட்டுத் தங்கல் நடத்தும் உறவுக்காரப் பெண்ணின் எண்ணைக் கொடுத்தார். சீசனில் ஒரு வாடிக்கையாளரை இழப்பது என்றால் அவருக்கு என்ன என்பதை யோசித்துப் பார்க்கலாம்.

அந்தப் பெண்ணிடம் பேசினேன். கல்லும் மரமுமாகப் பழைய பாணியில் கட்டிய இரண்டு அடுக்கு வீடு. வாடகைக்கு இரண்டே அறைகள். கீழ்த்தளத்து அறைக்குப் படி ஏற வேண்டாம் என்பதால் மாமியாரின் முழங்காலுக்குத் தோது. மேற்கத்திய பாணிக் கழிப்பறை ஒன்று. வெந்நீர் காலையில் ஆளுக்கு ஒரு வாளி. சாப்பாடு அவர்கள் சமைப்பதுதான். வாடகை, நகரத்து லாட்ஜை விடவும் சற்றுக் குறைவு. முன்பணம் எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். "முதலில் பனி விழட்டும்" என்றாள்.

அது வெறும் மரியாதைப் பேச்சு அல்ல. 2023 பிப்ரவரியில் ஔலியில் நடக்கவிருந்த பனிச்சறுக்குப் போட்டிகள் பனி இல்லாமல் ரத்தாயின. 2024 ஜனவரியில் மேற்கு இமயமலை முழுவதுமே வறண்டு கிடந்தது. குல்மர்க்கின் வெள்ளைச் சரிவுகள் பழுப்பாகப் படுத்திருந்த படங்கள் வெளியாயின. திரும்பக் கிடைக்காத முன்பணத்தை இரண்டு மாதத்துக்கு முன்பே கட்டியவர்கள் புல்தரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். எத்தனை மலிவான அறையும் பனியில்லாத ஔலியில் அநியாய விலைதான். ஜனவரியின் கடைசியில் மேகம் இரங்கியது. பிப்ரவரி இரண்டாம் வாரம் நாங்கள் கிளம்பினோம்.

வாடகை என்ற எண்ணுக்குப் பின்னால் மலையில் வேறு பல எண்கள் ஒளிந்திருக்கின்றன. ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் 250 கி.மீ. தூரம். மலைச் சாலையில் அது ஒரு முழுப் பகல். ஆகவே போகும்போதோ வரும்போதோ வழியில் ஓர் இரவு தங்கல் செலவும் சேரும். ஜோஷிமட்டிலிருந்து ஔலிக்குச் சாலை உண்டு. சுமார் 15 கி.மீ. ஆனால் பனி விழுந்தால் மேல் பகுதியில் சாதாரண டாக்சி ஏறாது. நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பையோ சக்கரத்தில் சங்கிலி மாட்டிய வண்டியையோ தேட வேண்டும். தினமும் ஐந்து பேரும் மேலே போய் இறங்கினால், கீழே வாடகையில் மிச்சம் பிடித்தது ஜீப்புக்கே போய்விடும். ஹீட்டருக்குப் பல இடங்களில் ராத்திரிக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். மின்சாரம் போனால் ஹீட்டரும் அலங்காரப் பொருள். அப்போது அங்கீதி என்ற கரியடுப்பைக் கொண்டுவந்து வைப்பார்கள். மூடிய அறையில் அங்கீதியை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் கார்பன் மோனாக்சைடு வாயுவால் எழுந்திருக்காமலே போன செய்தியைக் குளிர்காலந்தோறும் மொழிபெயர்க்கிறவள் நான். கனத்த ரஜாய் இரண்டு, வெந்நீர்ப் பை ஒன்று. ராத்திரிக்கு இவை போதும். அங்கீதி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

உயரமும் ஒரு செலவுதான். 2,500 மீட்டருக்கு மேல் தூங்கினால் சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும், தூக்கம் வராது. ரத்தக் கொதிப்புள்ள மாமியாரை முதல் நாளே மேலே ஏற்ற வேண்டாம் என்றார் எங்கள் டாக்டர். அதனால் ஒரு தீர்மானத்துக்கு வந்தோம். குடும்பம் என்றால் ஒரே கூரையின் கீழ்தான் தூங்க வேண்டும் என்று சட்டமில்லை. முதல் இரவு எல்லோரும் கீழே. பிறகு கணவரும் குழந்தைகளும் மூன்று இரவுகள் மேலே அரசு விடுதியின் டார்மிட்டரியில். நானும் மாமியாரும் கீழே அந்த வீட்டிலேயே. ஜீப் ஏறி இறங்கும் தினசரிச் செலவு மிச்சம். சறுக்கப் போகிறவர்கள் காலையில் முதல் ஆளாகச் சரிவில் இருக்கலாம். டார்மிட்டரியில் வேறு குடும்பங்களும் இருந்ததால் மகளுக்கும் சங்கடம் இல்லை. அங்கே குழாயில் தண்ணீர் உறைந்துபோகாமல் இருக்க ராத்திரி முழுவதும் சொட்டுச் சொட்டாகத் திறந்துவைப்பார்கள் என்பதை மகன் ஒரு மகத்தான விஞ்ஞான ரகசியத்தைப் போல எனக்கு டெலிபோனில் சொன்னான்.

அவர்கள் விழுந்து எழுந்துகொண்டிருந்த இரண்டாம் நாள், நாங்கள் நரசிம்மர் கோயிலுக்குப் போனோம். பத்ரிநாத் நடை சாத்தப்படும் குளிர்காலத்தில் வழிபாட்டின் ஒரு பகுதி இங்கேதான் நடக்கிறது. நரசிம்மரின் ஒரு கை வருஷத்துக்கு வருஷம் மெலிந்துகொண்டே வருகிறது, அது முறிந்து விழும் நாளில் மலைகள் ஒன்றுசேர்ந்து பத்ரிநாத் போகும் வழி அடைந்துவிடும், அதற்குப் பிறகு பவிஷ்ய பத்ரி என்ற இடத்தில்தான் பெருமாள் காட்சி தருவார் என்பது இந்த மலையில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் ஐதீகம். துணைக்கு வந்த வீட்டுக்காரப் பெண் இந்தியில் சொல்ல, நான் மாமியாருக்குத் தமிழில் சொன்னேன். திரும்பும் வழியில் பூட்டிய வீடுகளைப் பார்த்தோம். சில சுவர்களில் சிவப்புப் பெருக்கல் குறி மங்கியிருந்தது, மறையவில்லை. ஒரு வீட்டு வாசலில் துணி காயப்போடும் கயிறு இன்னும் கட்டியிருந்தது.

மாமியார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பெருமாளுக்கு மாத்து வீடு தயாரா இருக்கு. இந்தச் சனங்களுக்கு எங்க இருக்கு?"

இதை மொழிபெயர்க்காமலே விட்டுவிடலாமா என்று தயங்கினேன். வீட்டுக்காரப் பெண் என் முகத்தைப் பார்த்து, "மாதாஜி என்ன சொன்னார்?" என்று கேட்டுவிட்டாள். சொன்னேன். அவள் அண்ணனுக்கு நகரத்தில் எட்டு அறைகளில் லாட்ஜ் இருந்ததாம். கடன் வாங்கிக் கட்டியது. சிவப்புக் குறி விழுந்தது. அண்ணன் குடும்பம் இப்போது டேராடூனில். "ஊருக்கெல்லாம் அறை வாடகைக்குக் கொடுத்தவன் இப்போது மாதம் பிறந்தால் வாடகை கட்டுகிறான்" என்றாள். பயந்துபோய் யாருமே வராதிருந்த சீசனைப் பற்றியும் சொன்னாள். சறுக்கக் கற்றுக்கொடுக்கும் பையன்கள் சமவெளிக்குக் கூலி வேலை தேடிப் போனார்களாம். அப்படியென்றால் எங்களைப் போன்றவர்கள் வருவது நல்லதா கெட்டதா என்று கேட்டேன். "வாருங்கள். வராமல் நாங்கள் எப்படிப் பிழைப்பது? ஆனால் ரெண்டு வாளித் தண்ணீர் போதுமா என்று பாருங்கள்" என்றாள்.

நான்காம் நாள் ஜீப் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் மேலே போனோம். மகள் தடுமாறாமல் சறுக்கி வந்து எங்கள் முன்னால் நின்றாள். மகன் நிற்கத் தெரியாமல் பனிக்குவியலில் புகுந்து நின்றான். மாமியார் குனிந்து ஒரு கை பனியை அள்ளிப் பார்த்தார். தமிழில் மார்கழி விடியலில் புல்மேல் கிடப்பதும் பனி, மூச்சை மறைக்கும் மூட்டமும் பனி, இமயத்தில் மலையாய்க் கிடப்பதும் பனி. செய்தி எழுதும்போது எது எந்தப் பனி என்று விளக்கி விளக்கி நான் களைத்துப்போகிற சொல் அது. "நம்ம ஊர்ப் பனி காதை அடைக்கும். இது என்னடான்னா கண்ணைக் கூச வைக்குது" என்று மாமியார் ஒரே வரியில் வேறுபடுத்திவிட்டார். கறுப்புக் கண்ணாடி வாடகைக்கு எடுத்துக் கொடுத்தோம். அதைப் போட்டுக்கொண்டு அவர் நந்தாதேவியைக் கும்பிட்டார்.

தில்லி திரும்பியதும் கணவர் கணக்கை முடித்தார். ஐம்பதாயிரத்துக்குள் அடங்கியிருந்தது. அப்போதிலிருந்து, பனி பார்க்கப் போகிறோம், சிக்கனமாகத் தங்க இடம் சொல்லுங்கள் என்று கேட்கிற நண்பர்களுக்கு நான் விடுதியின் பெயரைச் சொல்வதில்லை. கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். உங்கள் குடும்பத்தில் அதிகம் நடக்க முடியாதவர் யார்? அவருடைய படுக்கையிலிருந்து தொடங்குங்கள். சரிவிலிருந்து அறை எவ்வளவு தூரம், பனி விழுந்த பிறகு அந்தத் தூரத்தை எந்த வண்டி கடக்கும்? ஹீட்டரும் வெந்நீரும் வாடகையில் சேர்த்தியா, மின்சாரம் போனால் என்ன செய்வார்கள்? பனி விழாவிட்டால் முன்பணம் திரும்புமா? கட்டடம் எத்தனை மாடி, எந்த மண்ணின் மேல் நிற்கிறது, குளித்த தண்ணீர் எங்கே போகிறது? இவ்வளவுக்கும் பதில் கிடைத்த பிறகு வாடகையைக் கேளுங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்டால் விடுதிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்களே என்கிறார்கள் சிலர். இரண்டொருவர் கோபிக்கலாம். ஆனால் கேட்கிறவர்கள் அதிகமானால், பதில் வைத்திருக்கிற விடுதிகளும் அதிகமாகும். லிஃப்டும் பால்கனியும் அப்படித்தான் மலைக்கு வந்து சேர்ந்தன.

அடுத்த குளிர்காலத்துக்கு முன்பு அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். ஒரு ராத்திரிக்கு இருநூறு ரூபாய் கூட்டியிருக்கிறாளாம். குளியலறைத் தண்ணீர் மண்ணில் இறங்காமல் ஓடைப் பக்கம் கொண்டுபோகக் குழாய் போட்டதில் செலவாகிவிட்டது என்றாள். விஷயத்தைக் கணவரிடம் சொன்னேன். காய்காரரிடம் கொத்துமல்லிக் கட்டுக்குக்கூடப் பேரம் பேசுகிறவர், "சரி என்று சொல்லு" என்றார்.